கடமான் கொம்பும் ஷெஃபீல்டு எஃகும்

மான்கொம்புப் பிடி போட்ட போவி கத்தி 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்காகவே பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்டது. ஒரு முழத்துக்கு எட்டும் நீளம், அகன்ற அலகு, கை வழுக்கி அலகின்மேல் போய்விடாதபடி குறுக்கே ஒரு தடுப்பு, சொரசொரப்பான கொம்புப் பிடி, அதற்கென்றே அளவெடுத்துச் செய்த தோலுறை ஆகியவை சேர்ந்ததுதான் அந்தக் கத்தி. அலகின் எஃகுக்கு வேண்டிய இரும்பு சுவீடனிலிருந்து வந்தது. பிடிக்கான கொம்பு இந்தியக் காடுகளிலும் இலங்கைக் காடுகளிலும் பொறுக்கப்பட்டது. வாங்கியவர்கள் மிசிசிப்பி ஆற்றங்கரை வணிகர்களும் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும். அலகில் பொறித்திருக்கும் ஒற்றைப் பெயரை மட்டும் படிப்பவர்களுக்கு இந்த வரலாற்றின் பெரும்பகுதி கண்ணில் படுவதில்லை.

ஷெஃபீல்டு கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது அதன் நிலத்தால். ஷீஃப், டான், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் என்ற ஐந்து ஆறுகள் அந்தச் சரிவுகளில் இறங்கி வருகின்றன. அவற்றில் அடுத்தடுத்து அணை கட்டி, நீர்ச்சக்கரங்களால் சாணைக்கற்களைச் சுழற்றினார்கள். சாணைக்கு ஏற்ற மணற்கல் அருகிலேயே கிடைத்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சாசரின் கதை ஒன்றில் வரும் ஆலைக்காரன் ஷெஃபீல்டு கத்தி வைத்திருக்கிறான். அப்போதே அந்த ஊர்க் கத்தி பெயர் சொன்னால் புரியும் பொருளாக இருந்திருக்கிறது. 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஹாலம்ஷையர் கத்தித் தொழிலாளர் சங்கம் அமைந்தது. யார் தொழில் பழகலாம், எந்தப் பட்டறை எந்த முத்திரையை அடிக்கலாம் என்பதையெல்லாம் அந்தச் சங்கம் முறைப்படுத்தியது. முத்திரை என்பது ஒரு சொத்து. தந்தை மகனுக்கு விட்டுச் செல்லவும், விற்கவும், வாடகைக்குக் கொடுக்கவும் கூடியதாக அது இருந்தது.

எஃகில் பெரிய மாற்றம் வந்தது 1740-களில். அதுவரை சுவீடன் இரும்புப் பட்டைகளைக் கரித்தூளோடு மூடிய பெட்டிகளில் பல நாள் சுட்டு, மேற்பரப்பு வழியாகக் கரியை ஏற்றி எஃகு செய்தார்கள். அந்த எஃகில் கரி ஒரே சீராக இருக்காது. பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, தன் கடிகார வில்களுக்கு நல்ல எஃகு தேடி, களிமண் மூசையில் எஃகை முழுதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதற்கு ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் முதலில் இந்த எஃகு மிகக் கடினம் என்று சொல்லி வாங்க மறுத்தார்கள். பிரான்சு நாட்டுக் கத்திக்காரர்கள் வாங்கிச் செய்த கத்திகள் சந்தையில் போட்டியாக வந்த பிறகே உள்ளூர்க்காரர்கள் மனம் மாறினர். போவி கத்திகளின் அலகில் காணப்படும் ‘வார்ப்பெஃகு’ என்ற பொறிப்பு இந்த மூசை எஃகைத்தான் குறிக்கிறது.

மூசையில் எஃகு செய்யும் அறிவு தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் நடந்த அகழாய்வு பழைய இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. 1790-களில் இந்திய உருக்கின் மாதிரிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சென்றன. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகில் கருவிகள் செய்துபார்த்து, பின்னர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து கலப்பு எஃகுச் சோதனைகளில் இறங்கினார். ஹண்ட்ஸ்மனின் முறை தென்னிந்தியாவிலிருந்து எடுத்தது என்று சொல்ல இதில் இடமில்லை. அவர் வேலை அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. ஆனால் ஐரோப்பாவில் எஃகைப் பற்றிய அறிவியல் ஆராய்ச்சி தொடங்கிய காலத்தில் இந்திய உருக்கு ஆய்வாளர்களின் மேசைமேல் இருந்தது என்பதில் ஐயமில்லை.

போவி கத்தியின் பெயர் ஓர் அமெரிக்கச் சண்டையிலிருந்து வந்தது. 1827 செப்டம்பர் 19 அன்று, நாட்செஸ் நகருக்கு அருகே மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில், இருவர் ஒற்றைக்கு ஒற்றை சுட்டுக்கொள்ள வந்த இடத்தில் உடன் வந்தவர்களுக்குள் கைகலப்பு மூண்டது. குண்டடியும் குத்தும் பட்ட ஜிம் போவி பெரிய கத்தியால் எதிராளியைக் கொன்றார். நாளிதழ்கள் அதைப் பரப்பின. 1836 மார்ச் 6 அன்று அலமோ கோட்டைப் போரில் அவர் இறந்ததும் புகழ் இரட்டித்தது. அக்காலக் கைத்துப்பாக்கி ஒரு குண்டுக்குப் பிறகு வெறும் இரும்பு. நனைந்தால் அதுவும் வெடிக்காது. எனவே தெற்கு மாகாணங்களில் இடுப்புக் கத்தி வேண்டாதவர் குறைவு. அமெரிக்கப் பட்டறைகளால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஜோசப் ராட்ஜர்ஸ், ஜார்ஜ் வோஸ்டன்ஹோம், டபிள்யூ அண்ட் எஸ் புட்சர், அன்வின் அண்ட் ராட்ஜர்ஸ் முதலிய ஷெஃபீல்டு நிறுவனங்கள் அந்த இடத்தை நிரப்பின. வோஸ்டன்ஹோம் பலமுறை கடல் கடந்து அமெரிக்கா சென்று நேரில் வணிகம் பிடித்தவர். தம் தொழிற்சாலைக்கே ‘வாஷிங்டன் ஒர்க்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்.

இவை பெரிய நிறுவனங்கள் என்றாலும் கத்தி ஒரு கூரையின் கீழ் ஒரே ஆளால் முடிவதில்லை. காய்ச்சி அடிப்பவர், சாணை பிடிப்பவர், பிடி போடுபவர், உறை செய்பவர் எல்லாரும் தனித்தனித் தொழில்காரர். பலர் ‘லிட்டில் மெஸ்டர்’ எனப்பட்ட சிறு முதலாளிகள். ஓர் அறையோ சாணையில் ஓர் இடமோ வாடகைக்கு எடுத்து, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் செய்தார்கள். ஒரு தெருவின் ஒரு முனையில் அடித்த அலகு கூடையில் ஏறி அடுத்த தெருவுக்குச் சாணைக்குப் போகும்; அங்கிருந்து பிடி போடுபவரின் பலகைக்கு வரும். கடைசியில் முத்திரைக்கு உரிய நிறுவனத்தின் பெயரே நிற்கும். பெரும்பாலான கத்திகளைச் செய்தவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

உலைக்காரர் எஃகுக் கம்பியின் நுனியைக் கல்கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து அடித்து முதலில் அலகின் வடிவைக் கொண்டுவருவார். பெரிய அலகென்றால் எதிரே நின்று ஒருவர் சம்மட்டி போடுவார். பிறகு பிடிக்குள் செல்லும் வாலை இழுப்பார். அலகு சூடாக இருக்கும்போதே முத்திரை குத்தப்படும். விக்டோரியா மகாராணியின் கிரீடமும் முதலெழுத்துகளும் இருந்தால் கத்தி 1837-க்குப் பிந்தியது. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1890-இன் அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தச் சட்டம் இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது.

அடுத்தது தோய்ச்சல். செஞ்சூட்டில் இருக்கும் அலகைச் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் எஃகு கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையவும் செய்யும். அந்த முறிதன்மையைக் குறைக்க மறுபடி மெல்லச் சூடாக்குவார்கள். துடைத்த எஃகின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சளும், பிறகு பழுப்பும், ஊதாவும், இறுதியில் நீலமும் படரும். வைக்கோல் மஞ்சள் சுமார் 230 டிகிரி. நீலம் சுமார் 300. கூர் நிற்க வேண்டிய சவரக்கத்திக்கு மஞ்சள், வளைந்து மீள வேண்டிய வில்லுக்கு நீலம், அடியும் தாங்கிக் கூரும் தாங்க வேண்டிய கத்திக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு நிறம். வெப்பமானி இல்லாத பட்டறையில் கண்தான் அளவுகோல். வெளிச்சம் மாறினால் நிறம் ஏமாற்றும் என்பதால் பகல் வெயில் நேரே விழாதபடி உலைக்களத்தை அரையிருட்டில் வைத்திருந்தார்கள்.

சாணைதான் இந்தத் தொழிலில் அதிக உயிர் குடித்த இடம். சாணைக்காரர் குதிரையில் அமர்வதுபோல் ஒரு மரக்கட்டையின்மேல் கால் அகற்றி அமர்ந்து, சுழலும் மணற்கல்லின்மேல் குனிந்து அலகை அழுத்துவார். கல்லிலிருந்து கிளம்பும் நுண்தூள் நுரையீரலில் தங்கி மூச்சை அடைத்துவிடும். ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னால்ட் நைட் 1830-களை ஒட்டி இந்த நோயை ஆராய்ந்து எழுதினார். நீர் விடாமல் உலர் சாணை பிடிப்பவர்களின் சராசரி ஆயுள் 35-ஐத் தொடுவதே அரிது, நீர்ச்சாணைக்காரர்களுக்கு 45-ஐத் தாண்டுவது அரிது என்பது அவர் கண்டது. ஏங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டினார். கத்தி அலகுகள் பெரும்பாலும் நீர்ச்சாணையில் போனவை. ஆயினும் கல்லைச் சமன்படுத்தச் செதுக்கும்போது தூள் எழுவதைத் தடுக்க முடியவில்லை. தூளை இழுக்கும் விசிறி வந்தபோது சில தொழிலாளரே அதை எதிர்த்தார்கள் என்பது வேதனையான உண்மை. ஆயுள் கூடினால் ஆள் பெருகி, கூலி குறையும் என்ற அச்சமே காரணம். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் ஒவ்வோர் அலகையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சாணை முடிந்த அலகு, தோல் ஒட்டி எமரி பூசிய மரச்சக்கரத்தில் மெருகேறும். உயர்ந்த கத்திக்கு இரும்புத் துருவின் செந்தூளால் கண்ணாடிப் பளபளப்பு வரவழைப்பார்கள். பிறகு அமிலத்தால் எழுத்துப் பொறிப்பு. இது முழுக்கச் சந்தைக்காகச் செய்தது. கலிபோர்னியாவுக்குப் போகும் கத்தியில் தங்கம் தோண்டுவதைப் பற்றிய வாசகம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அடிமை ஒழிப்பாளர்களுக்குச் சாவு என்று ஒரு கத்தியும், துரோகிகளுக்குச் சாவு என்று இன்னொரு கத்தியும் அதே ஷெஃபீல்டிலிருந்து போயின. செய்தவர்களுக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆர்டர்கள், அவ்வளவே. அந்த வாசகங்கள் யார் உயிருக்கு எதிரானவை என்பதை எண்ணும்போது இந்த வணிகத்தின் முகம் தெரிகிறது.

பிடிக்கு யானைத்தந்தம், எருமைக்கொம்பு, முத்துச்சிப்பி, கருங்காலி என்று பல பொருள்கள் இருந்தும் மான்கொம்பு கையாளுபவர்களுக்கு மிகப் பிடித்ததாக நிலைத்தது. ஈரக்கையிலும் இரத்தம் பட்ட கையிலும் அது வழுக்காது. மாட்டுக்கொம்பும் மான்கொம்பும் பார்வைக்குத்தான் ஒரே இனம். மாட்டுக்கொம்பு நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. உயிர் உள்ளவரை விழாது. மான்கொம்போ எலும்பு. ஆண்மானுக்கு மெல்லிய மயிர்த்தோல் போர்த்தி வளர்ந்து, முற்றியதும் அந்தத் தோல் உரிந்து, இனப்பெருக்கக் காலம் கழிந்தபின் தானே உதிர்ந்துவிடும். மறுபடி புதிது முளைக்கும். மான் கொம்பை மரத்தில் தேய்க்கும்போது பட்டைச் சாறும் தோல் உரிந்த இரத்தமும் ஏறித்தான் மேற்பரப்பு பழுப்பாகிறது. உள்ளே வெள்ளை.

ஐரோப்பியச் செம்மானின் கொம்பில் நடுப்பகுதி பஞ்சுபோல் துளை நிறைந்தது; வெளிச்சுவர் மெல்லியது. கடமானின் கொம்பு அப்படியல்ல. சுவர் தடித்து, நடுத்துளை சிறுத்து, கையில் எடுத்தால் கனக்கும். மேலே ஓடும் வரிப்பள்ளங்கள் ஆழமானவை. அரமும் ஆணியும் தாங்கும் பிடிக்கு இதைவிட ஏற்ற கொம்பு வேறு எந்த மானிடமும் இல்லை என்பது கத்திக்காரர்களின் அனுபவம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் திரியும் இந்த மானை நெல்லைப் பக்கம் மிளா என்பார்கள்; இலங்கைத் தமிழர் மரை என்பர். புள்ளிமான் கொம்பும் ஏற்றுமதியானது. ஆனால் அது வழுவழுப்பாகவும் மெலிந்தும் இருப்பதால் சிறு கத்திகளுக்கே உதவியது.

உதிர்ந்த கொம்பு காட்டில் அதிக நாள் கிடக்காது. சுண்ணாம்புச்சத்துக்காக முள்ளம்பன்றி கறும்பும். வெயிலிலும் மழையிலும் வெளுத்து விரியும். காட்டில் வாழ்ந்த மக்கள் தேன், மெழுகு, கடுக்காயோடு சேர்த்து இதையும் பொறுக்கி வந்தார்கள். பிரிட்டிஷ் வனத்துறை இவற்றைச் சிறு வனப்பொருள்கள் என்று வகைப்படுத்தி, சேகரிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் மூலம் கொம்பு துறைமுக நகர வணிகரிடம் சேர்ந்து கப்பலேறியது. பொறுக்கியவருக்குக் கிடைத்தது இந்தச் சங்கிலியில் மிகச் சிறிய பங்கு. வேட்டையாடிக் கிடைத்த கொம்பும் இதே மூட்டைகளில் கலந்திருக்கும். கலந்தபின் எது உதிர்ந்தது, எது வெட்டியது என்று அடிப்பகுதியைப் பார்த்தால்தான் தெரியும். துண்டாக அறுத்துவிட்டால் அதுவும் தெரியாது. இந்தச் சிக்கல்தான் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வணிகத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தது.

ஷெஃபீல்டில் கொம்பு அறுப்பவர் முதலில் ஒவ்வொரு கொம்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வார். ரோஜா போல் விரிந்த அடிமுடிச்சு பெரிய கத்தியின் பிடிமுனைக்குப் போகும். நடுத்தண்டு, துளையிட்டு வால் செருகும் முழுப்பிடியாகும். மீதியை நெடுக்காகப் பிளந்து, தட்டையான வாலின் இருபுறமும் வைக்கும் சில்லுகளாக எடுப்பார்கள். வளைந்த சில்லை வெந்நீரில் ஊறவைத்து இறுக்கினால் ஓரளவு நிமிரும். விக்டோரியா காலத்து வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கான இறைச்சி அறுக்கும் கத்தியும் முள்கரண்டியும் கொண்ட செட்டுகளுக்கும் இதே கொம்பு பெருமளவில் போனது.

மரப்பிடியை வேண்டிய வடிவுக்கு இழைத்துக்கொள்ளலாம். கொம்பில் அது நடக்காது. கொஞ்சம் அதிகமாக அராவினால் பழுப்புத் தோல் போய் வெள்ளை எட்டிப்பார்க்கும், வரிகளும் மறையும். எனவே பிடி போடுபவர் அளவுக்குப் பொருத்தமான துண்டைத் தேடியே எடுக்க வேண்டும். உலோகத்தைத் தொடும் ஓரங்களில் மட்டும் அராவிச் சமன் செய்து, நடுவில் இயற்கைத் தோலை அப்படியே விடுவார். இருபுறச் சில்லுகளும் ஒரே கொம்பிலிருந்து, நிறமும் வரியும் ஒத்துவரும்படி அமைந்தால் அது முதல்தரப் பிடி. வெள்ளை தெரிந்த ஓரத்தைப் பெர்மாங்கனேட் கரைசல் தடவிப் பழுப்பாக்குவதும் உண்டு. ஒரு கூடைக் கொம்பில் ஒன்றோடொன்று சேரும் சோடியைக் கண்டெடுக்கும் கண் பல ஆண்டுப் பழக்கத்தில் மட்டுமே வரும். இந்தத் தொழிலின் மிக உயர்ந்த திறமை இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

முழுப்பிடி என்றால் துளைக்குள் குங்கிலியமும் செங்கல் தூளும் சேர்த்து உருக்கிய அரக்கை ஊற்றி, சுடவைத்த வாலைச் செருகுவார்கள். ஆறியதும் இறுகிவிடும். சில்லுப்பிடி என்றால் துளையிட்டு, நிக்கல் வெள்ளிக் கம்பியைத் தறையாணியாக அடித்து இருபுறமும் மழுக்குவார்கள். பெயர் பொறிக்கும் கேடயத் தகட்டைக் கொம்புக்குள் பதிக்க ‘பார்சர்’ என்றொரு கருவி இருந்தது. மார்பில் ஒரு தகட்டைக் கட்டிக்கொண்டு, அதில் துளைப்பானின் பின்முனையைச் சாய்த்து, வில்லால் சுழற்றி, அச்சுத்தகட்டின் ஓட்டைக்குள் முனையை ஓடவிட்டு, தகட்டின் வடிவிலேயே குழி எடுப்பார்கள். தடுப்பும் பிடிமுனையும் நிக்கல் வெள்ளியில் வார்த்தவை. பாதி குதிரையும் பாதி முதலையுமாக வார்த்த பிடிமுனை, மிசிசிப்பிப் படகோட்டிகளின் வீரப்பேச்சை நினைத்து அமெரிக்கர்களுக்கென்றே செய்தது.

அடுத்தது உறை. உறையின் உள்ளுடல் பெரும்பாலும் அழுத்திய அட்டை. அதன்மேல் சிவப்போ கருப்போ சாயமேற்றிய மெல்லிய ஆட்டுத்தோலை ஒட்டி, சூடான அச்சால் பூவேலையும் பொன்வரியும் பதிப்பார்கள். வாய்க்கும் நுனிக்கும் நிக்கல் வெள்ளிக் கவசம்; வாய்க்கவசத்தில் இடுப்புவாரில் மாட்ட ஒரு குமிழ். ஒவ்வோர் அலகும் சாணையில் சிறிது வேறுபடும் என்பதால் உறையும் அந்தந்தக் கத்திக்கே பொருந்தும். ஈரமும் வேர்வையும் பட்டால் அட்டை ஊதித் தோல் சுருங்கி, நுனிக் கவசம் கழன்று விழும். அதனால் இன்று கிடைக்கும் கத்திகளில் பலவற்றுக்கு உறை இல்லை. சொந்த உறையோடு கிடைக்கும் கத்தி அதனால்தான் ஏலத்தில் கூடுதல் விலை பெறுகிறது. காட்டு வேலைக்கு அமெரிக்காவில் செய்த உறைகள் வேறு வகை. தாவரப் பட்டையில் பதனிட்ட தடித்த மாட்டுத்தோலை நனைத்து, கத்தியைச் சுற்றி அழுத்தி வடிவேற்றி உலரவிட்டு, ஓரத்தில் இன்னொரு தோல்பட்டை வைத்து, மெழுகு பூசிய நூலால் இரண்டு ஊசிகொண்டு தைத்தார்கள். இடையில் வைத்த பட்டை இல்லாவிட்டால் கூர்முனை தையலையே அறுத்துவிடும். இந்தத் தோலில் தங்கும் அமிலமும் ஈரமும் எஃகைத் துருவேற்றும். ஆகவே வெகுநாள் வைக்கும் கத்தியை உறையில் வைக்காமல் தனியாக வைப்பதே வழக்கம்.

வீழ்ச்சி பல பக்கங்களிலிருந்து வந்தது. அலபாமா 1837-இல் போவி கத்தி விற்பனைக்கு 100 டாலர் வரி போட்டது. டென்னசி 1838-இல் விற்பனையையே தடுத்தது. கோல்ட் நிறுவனத்தின் சுழல் துப்பாக்கி பரவியதும் சண்டைக்குக் கத்தி தேவையற்றதாகி, வேட்டைக்காரரிடம் மட்டும் தங்கியது. 1890-இன் மெக்கின்லி சுங்கவரி ஷெஃபீல்டுக்கு அமெரிக்கச் சந்தையையே ஏறக்குறைய அடைத்தது. 1913-இல் ஹாரி பிரியர்லி அதே ஊரில் துருப்பிடிக்காத எஃகை வார்த்தார். மேசைக் கத்திகள் அதற்கு மாறின. ராட்ஜர்ஸ் நிறுவனம் 1971-இல் வோஸ்டன்ஹோமை வாங்கியது. பழைய போட்டியாளர்கள் ஒன்றானபோது இருவரிடமும் வலு இல்லை.

கொம்புப் பிடியை உயிரோடு வைத்தவர்கள் பிறகு அமெரிக்கக் கைவினைஞர்கள். மிச்சிகனில் பில் ஸ்காகெல் தோல்வளையங்களை அடுக்கி, நுனியில் கொம்பின் அடிமுடிச்சு வைத்துப் பிடி செய்தார். அவர் கத்தியைக் கண்டு வியந்த போ ராண்டல் 1930-களின் பிற்பகுதியில் தாமே கத்தி செய்யத் தொடங்கினார். அமெரிக்கக் கத்திக் கொல்லர்களின் சங்கம் 1976-இல் உருவானது. இவர்கள் எல்லாரும் நாடியது இந்தியக் கடமான் கொம்பையே. இந்தியாவில் 1972-இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்திய பின்னும் உதிர்ந்த கொம்பின் ஏற்றுமதி நீடித்தது. ஆனால் உதிர்ந்தது என்ற பெயரில் கொன்று எடுத்ததும் போய்க்கொண்டிருந்ததால் 1998-இல் இந்திய அரசு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. கத்திக்காரர்களுக்கு இழப்புதான், கடமானுக்கு அது அவசியமான முடிவு. 2008-இல் அந்த மான் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

தடைக்கு முன் கடல் கடந்த இருப்பு கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டே போகிறது. புதிய கத்திகளில் செம்மான், எல்க் மான் கொம்புகளும், பிசின் ஏற்றி இறுக்கிய கொம்பும், கொம்பு வரி வரச் செதுக்கிய மாட்டெலும்பும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. மாட்டெலும்புப் போலி 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அதற்கென்று தனிக் கைத்திறமும் உண்டு. ஷெஃபீல்டின் கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் கென் ஹாலி சேகரித்த கருவிகள் காட்சிக்கு உள்ளன. அதே வளாகத்தில் பட்டறை வைத்திருந்த, மடிப்புக் கத்திகளுக்குப் பெயர்பெற்ற லிட்டில் மெஸ்டர் ஸ்டான் ஷா 2021-இல் மறைந்தார்.